மேகமில்லாமல் வரும் தண்ணீர்

நேற்று மாலை தேவாலயக் கூடத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக் கட்டி, விளக்கொளி பாய்ச்சி, உங்கள் மூத்தாளைக் காட்டினார்கள். பயப்படாதீர்கள், நான் அவளை அப்படி அழைப்பது ஊருக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு அது ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு சதுப்பு நிலத்தின் படம். நாணல், தண்ணீர், தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நீர்யானை.

நில அளவைத் துரையின் கூடாரங்களைப் பார்த்துக்கொள்ள நீங்கள் அங்கே போய் வந்தது நம் கல்யாணத்துக்கு முன்பு. ஆக, நான் இளையாளாகத்தான் வந்து சேர்ந்தேன். கல்யாணமான வாரமே கரஞ்சி ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனீர்கள். ஆனி மாதத் தூறல். என் பக்கம் திரும்பியபோது ஏதோ ஆசையாகச் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"இங்க மழை பெஞ்சாத்தான் இந்தக் கெரே ரொம்பும். அங்க இப்போ குளிர்காலம், வானத்துல ஒரு மேகம் இருக்காது. புல்லெல்லாம் காஞ்சு கெடக்கும். எங்கயோ தூரத்து மலையில எப்பவோ பெஞ்ச மழை, மாசக்கணக்கா நடந்து இப்பத்தான் வந்து சேரும். அது வந்ததும் மான், எருமை, யானை எல்லாம் தேடிக்கிட்டு வரும்."

"அவளையே கட்டியிருக்கலாமே."

"கட்டியிருப்பேன். மாமனார் முதலை, அதான் யோசிச்சேன்."

நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பதினெட்டு வருடக் குடித்தனம் முழுக்க அந்த எரிச்சல் ஆறவில்லை. ஒரு தசராவுக்குப் புதுப்பட்டு உடுத்தி உங்கள் பக்கத்தில் நின்றேன். அலங்கரித்த யானைகள் போயின. "பாவம், அங்க இதுங்க தும்பிக்கையத் தூக்கிக்கிட்டு நீந்திப் போகும்" என்றீர்கள். "இப்போ தண்ணி வத்துற நேரம். குட்டையில மாட்டின மீனைத் தின்ன நாரைங்க ஜாஸ்தி எறங்கும்." என் புடவை என்ன நிறம் என்று கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

"இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்ல கூடாது. அவ இருந்தா நான் இருக்க மாட்டேன்."

நீங்களும் சொன்னபடி கேட்டுத் தொலைத்தீர்கள். மார்கழி போனது, சித்திரை போனது. சாப்பிட்டீர்கள், கை கழுவினீர்கள், படுத்தீர்கள். அவளை நடுவில் வைத்துத்தான் என்னோடு பேசியே வந்திருக்கிறீர்கள் என்று புரிந்தபோது இன்னும் எரிந்தது. ஆனியில் ஒருநாள் தட்டில் களியை வைத்துவிட்டு நானே கேட்டேன்.

"அங்க தண்ணி வந்திருக்குமா?"

உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "வந்திருக்கும்மா" என்றீர்கள். அன்றைக்கு இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடியதும் ஓர் ஆனியில்தான். கடைசியில் என் பெயரைச் சொல்வீர்களா, அவளைச் சொல்வீர்களா என்று கட்டிலை விட்டு நகராமல் காத்திருந்தேன். இரண்டையும் சொல்லவில்லை. ஜன்னலைத் திறக்கச் சொன்னீர்கள். அதன்பின் ஒவ்வொரு ஆனியிலும் அவளுக்குத் தண்ணீர் வருகிறது, எனக்கு நீங்கள் வருவதில்லை.

நேற்று படம் காட்டியவர் அந்தப் பக்கம் சில வாரம் தங்கிவிட்டு வந்த மிஷன் ஆஸ்பத்திரி இளைஞர். நான் பார்க்காததைப் பார்த்த கண்கள் என்பதாலேயே அவரை எனக்குப் பிடிக்கவில்லை. "மழைக்காலத்தில் இங்கே வெள்ளம் வந்து நிறையும்" என்றார். என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"மழைக்காலத்துல இல்லீங்க. மழையெல்லாம் நின்னு, புல்லு காஞ்சு, குளிர் வந்த பிறகுதான் வெள்ளம் வரும். அப்போ மேகமே இருக்காது."

அவர் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார்.

"அம்மா அங்க எத்தனை வருஷம் இருந்தீங்க?"

கூடமே திரும்பி என்னைப் பார்த்தது.

"பதினெட்டு வருஷம்" என்றேன்.