மாரியில் பூசிய சுவர்

ராத்தா,

காலையிலிருந்து உங்கள் வீட்டுப் பக்கமிருந்து பெயின்ட் மணக்கிறது. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் வந்தது. உங்கள் வீட்டில் நல்லது எது நடந்தாலும் அது என் மூக்கைத் தேடி வரும். நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குள் போய் ஒன்றரை வருடமாகியும் அந்த வழக்கம் மாறவில்லை.

எனக்கு உங்கள் மேல் பொறாமை என்பது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் நகை மேலோ, மச்சானின் உத்தியோகத்தின் மேலோ இல்லை. சுவரின் மேல். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஒரே வாப்பா, ஒரே வளவு, ஒரே மேசன், இரண்டு பெண்மக்களுக்கும் சீதனமாக இரண்டு வீடுகள். உங்கள் சுவருக்கு இத்தனை காலத்தில் மறுபடி பெயின்ட் அடித்தது ஒரே தடவை. என் சுவர் ஒரு மாரியைக்கூடத் தாண்டியதில்லை.

உங்கள் கலியாணம் ஆடி மாதத்தில் நடந்தது. கச்சான் காற்று அடித்து ஊரே கருவாடாய்க் காய்ந்திருந்தது, சுவரும்தான். என் மாப்பிள்ளைக்குக் கட்டாரில் கிடைத்ததோ தை மாதத்தில் ஒரு மாத லீவு. இரண்டு மாதம் ஊற்றிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. நீங்கள் ஒரு பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கை வெட்டி விரித்து, என் வீட்டு முன்சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினீர்கள். அடுத்த நாள் மத்தியானம் பார்த்தால் அதன் உட்பக்கம் வேர்த்துத் துளித்துளியாக நின்றது.

"சுவர் இன்னும் தண்ணி குடிச்சிரிக்கு தங்கச்சி. இப்ப வெள்ளச் சுண்ணாம்பு அடிப்பம், அது ஈரத்த வெளிய விடும். பெயின்ட கச்சானுக்குப் பாப்பம்."

உங்களுக்குப் பெயின்ட், எனக்குச் சுண்ணாம்பா என்று நான் நின்ற இடத்திலேயே அழுதேன். வெளிநாட்டு மாப்பிள்ளை எனக்கு வந்தது உங்களுக்குப் பொறுக்கவில்லை என்று உம்மாவிடம் போய்ச் சொன்னேன். நினைத்துப் பாருங்கள், உங்களுக்கு என் மேல் பொறாமையாம். என் அழுகைக்கு வாப்பா இறங்கி வந்தார். மூன்றே நாளில் வீடு முழுக்க ரோஸ் நிறம். கலியாணப் போட்டோவில் அந்தச் சுவர் என்னைவிட அழகாக விழுந்திருக்கிறது.

அடுத்த மாரிக்குள் சுவர் கொப்பளித்தது. விரலால் அமத்தினால் உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்தது. பிறகு உரிந்தது. உரிந்த இடத்தில் உப்புப் பூத்தது, வாடைக் காற்று மோதும் பக்கத்தில் கறுத்துப் பாசி ஏறியது. என் மாமி ஒரு நாள் வாசலில் நின்று, "மகள்ட ஊட்டுச் சுவருக்குச் சொறி புடிச்சிரிக்கா?" என்று கேட்டார். பெருநாள் வரும்போதெல்லாம் அவசரமாகச் சுரண்டி, ஈரத்தின் மேலேயே திரும்பவும் பூசுவேன். திரும்பவும் கொப்பளிக்கும். கடைசியில் பழியை வாப்பா மேல் போட்டேன். மூத்த மகளுக்கு ஆற்று மண்ணில் கட்டினார், எனக்கு உப்புக் கடல் மண்ணில் கட்டினார் என்று அவர் காதுபடவே சொன்னேன். அன்றைக்கு அவர் சோறு சாப்பிடவில்லை.

"நான் அப்பவே சொன்னன்" என்று நீங்கள் ஒரு தரமாவது சொல்லியிருக்கலாம் ராத்தா. சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன். நீங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு மாரியும் முடிய, தும்புக்கட்டையும் குழாய்த் தண்ணீருமாக இறங்கி, கடல் காற்று உங்கள் சுவரில் அப்பிவிட்டுப்போன உப்பைத் தேய்த்துக் கழுவுவீர்கள். நான் ஜன்னலுக்குள் நின்று, வேலை இல்லாத மனிசி என்று முணுமுணுப்பேன். எழுந்துபோய் என் சுவரைக் கழுவ மட்டும் எனக்கு மனம் வராது. கழுவினால் உங்களைப் பார்த்துப் படித்தேன் என்றாகிவிடுமே.

நீங்கள் போன பிறகு அதைக் கழுவ ஆள் இல்லை. முதல் மாரியிலேயே உங்கள் ஜன்னலுக்குக் கீழே கறுப்புக் கோடுகள் இறங்கின. அதைக் கண்டு நான் சந்தோசப்பட்டேன், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். இரண்டு வீடும் இப்போதுதான் ஒன்றாயின என்று நினைத்தேன்.

இந்தத் தை மாதம் உங்கள் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. நோன்புக்கு முன் முடிக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வருவார்கள் என்று அவள் நிறமட்டையோடு என்னிடம் ஓடி வந்தாள். எந்தக் கலர் நல்லம் சாச்சி என்று கேட்டாள். மழை விட்டு ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஈரச் சுவரில் அடித்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவள் யார்? இருந்தும் ஒரு நீலத்தைத் தொட்டுக் காட்டி அனுப்பினேன். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. உங்கள் சுவரும் கொப்பளிக்கட்டும் என்றுதான்.

மூன்றாம் நாள் காலை பெயின்டர் வாளிகளைக் கொண்டுவந்து உங்கள் வாசலில் அடுக்கினான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. போய், வேண்டாம், இப்போதைக்குச் சுண்ணாம்பு போதும் என்றேன். பிள்ளையின் முகம் மாறிவிட்டது.

"உங்கட சுவர் அப்பிடி இரிக்கிற எண்டு எங்கடயையும் தடுக்கிறீங்களா சாச்சி?"

நான் உங்களுக்குச் செய்தது எனக்குத் திரும்பி வந்தது. அவள் கையைப் பிடித்து என் வீட்டுக்கு இழுத்து வந்து, ஒரு கொப்பளத்தில் அவள் விரலை வைத்து அமத்தினேன். தண்ணீர் அவள் முழங்கை வரை வழிந்தது. என் கலியாணத்திலிருந்து இப்படித்தான் என்றேன். அவள் போய்ப் பெயின்டரிடம் வாளிகளைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னாள். வெள்ளைச் சுண்ணாம்போடு கலியாணம் நடந்தது. கச்சான் நாலு கிழமை நன்றாக அடித்துச் சுவர் காய்ந்த பிறகு, இன்றைக்குத்தான் நீலம் ஏறுகிறது.

அசர் தொழுகைக்குப் பிறகு அவளுடைய மாமி வந்திருந்தார். பிசிறில்லாத சுவரைப் பார்த்து, அந்த நேரம் அவசரப்படாமல் பொறுக்கச் சொன்னது ஆர் என்று கேட்டார். தேத்தண்ணித் தட்டோடு நான் பக்கத்திலேயே நின்றேன்.

"உம்மாதான் மாமி. மாரி ஈரத்தில பூசக்கூடா எண்டு உம்மா எப்பவும் சொல்லுவா" என்றாள் உங்கள் மகள்.

நான்தான் சொன்னேன் என்று வாய்வரை வந்தது. தட்டை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இருந்த ஒரே ஒரு நல்ல பெயரையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. எரியட்டும். உங்களுடைய சேலையும் சாமான்களும் பிள்ளைகளுக்குப் போய்விட்டன, எனக்கென்று மிஞ்சியது இந்த எரிச்சல் ஒன்றுதான். இதுவும் ஆறிவிட்டால் நீங்கள் இல்லை என்பதை நான் நம்பவேண்டி வரும், ராத்தா.