ஜாடியில் ஊறிய சிவப்பு

நேற்று வேப்பூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுப் பெண் ஆரஞ்சு உரித்தாள். தோலின் சாறு தெறித்து என் கன்னத்தில் பட்டது. “சாரிங்க” என்றாள். நான் அவளைப் பார்க்கவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம், விளக்கு வைத்த பிறகு, வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டுக் கண்ணாடி டம்ளருக்கு மேல் ஆரஞ்சுத் தோலை முறுக்குகிற உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கோட்டைவிட்டுவிட்டேன். வெயிலில் திரும்பி நடந்து வந்தபோது உங்களைத்தான் திட்டிக்கொண்டே வந்தேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பாண்டிச்சேரி திரும்பிய உங்கள் சிநேகிதர் வீட்டில்தான் அதை முதலில் குடித்தீர்கள். விஸ்கி ஒரு பங்கு, கசக்கிற சிவப்பு மது ஒரு பங்கு, மூலிகை போட்ட இனிப்பு ஒயின் ஒரு பங்கு. ஐஸ் போட்டு, குலுக்காமல், நீளக் கரண்டியால் மெதுவாகக் கலக்க வேண்டும். அதற்கு ஏதோ பிரெஞ்சுப் பெயர் இருந்தது. உங்கள் வாயில் நுழையவில்லை. நமக்கு அது ‘சிவப்பு’. வாரத்துக்கு ஒரே டம்ளர்.

அதில் முதல் வாய் எனக்கு. மூக்குப்பொடி போட்டுப் போட்டு உங்கள் நாக்கு எப்போதோ செத்துவிட்டது. குழம்பில் உப்பு இருக்கிறதா என்றுகூட என்னைத்தான் கேட்பீர்கள். “ஒரு வாய் பாத்துச் சொல்லு புள்ள” என்று டம்ளரை நீட்டினால், பார்த்துச் சொல்கிற சாக்கில் நான் கால் டம்ளரைக் காலி செய்வேன். நீங்களும் தெரிந்தேதான் நீட்டினீர்கள். ஆம்பிளை குடித்தாலே ஜாடைமாடையாகப் பேசுகிற தெரு அது. நான் குடித்தது தெரிந்திருந்தால் என் பிறந்த வீட்டு மானமும் சேர்ந்து சந்தி சிரித்திருக்கும்.

பாண்டிச்சேரி பாட்டில்கள் தீர்ந்துபோனால் நீங்கள் சும்மா இருந்தீர்களா? சிவப்புக் கசப்புக்குப் பதில் நிலவேம்பையும் நாரத்தைத் தோலையும் விஸ்கியிலேயே ஊறப்போட்டீர்கள். “சொரத்துக்குக் குடுக்கற கஷாயம் மாதிரி இருக்குது” என்றேன். அடுத்த வாரம் நிலவேம்பு பாதியாகக் குறைந்தது. ஒயினுக்குப் பதில் உலர்ந்த திராட்சையும் பட்டையும் கிராம்பும் போட்டுப் புளிக்கவைத்தீர்கள். ஒருமுறை காப்பி டிகாக்‌ஷனும் விட்டீர்கள். அது நன்றாகவே இருந்தது. அன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அப்புறம் மூன்றையும் கலந்து ஜாடியில் ஊறவைத்தால் எப்படி இருக்கும் என்று யோசனை வந்தது. ஜாடிக்கா நம் வீட்டில் பஞ்சம்? பகலில் பீங்கான் கம்பெனி வேலைக்குப் போய்விட்டு, மிச்ச நேரமெல்லாம் கொல்லையில் சொந்தச் சூளை வைத்து முந்திரி விறகு எரித்துக்கொண்டிருந்தீர்கள். தேன் நிறத்தில் பளபளவென்று, ஜாடிமேல் பூசிச் சுடுகிற புது கிளேஸ் ஒன்று அப்போதுதான் கூடிவந்திருந்தது. ஈயம் சேர்த்தது, குறைந்த சூட்டிலேயே உருகிவிடும் என்றீர்கள். சேத்தியாத்தோப்புப் பாத்திரக்கடைக்காரர் அந்தச் சூளை மொத்தத்தையும் ஊறுகாய் ஜாடியாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அது நல்லபடியாகப் போனால் வேலையை விட்டுவிடலாம், இனி நம் தொழில்தான் என்று இரண்டு பேரும் ஆசையாய் இருந்தோம்.

அந்த ஜாடிகளில் ஒன்றில்தான் சிவப்பு ஊறியது. சில வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, ஊற்றி நீட்டினீர்கள். குடித்தேன்.

“என்னங்க, கசப்பே இல்ல. தித்திக்குது.”

“எப்பவும் போடற அளவுதான் போட்டன்.” நீங்களும் ஒரு வாய் குடித்தீர்கள். “எனக்கு ஒண்ணும் தெரியலியே.”

நான் இன்னொரு வாய்க்குக் கை நீட்டினேன். டம்ளரை வெடுக்கென்று பிடுங்கினீர்கள். கல்யாணமாகி அதுவரை என் கையிலிருந்து எதையும் நீங்கள் பிடுங்கியதில்லை.

“போயி வாய் கொப்புளி. நல்லா கொப்புளி.”

நீங்களும் கொப்புளித்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னீர்கள். ஈயக் கிளேஸ் சரியாக வேகாமல் போனால், புளிப்புப் பட்டதும் ஈயம் கரையும். கரைந்தால் தித்திக்கும். அது விஷம்.

“ஊறுகாயும் புளிப்புத்தானங்க?” என்றேன்.

கொல்லையில் அடுக்கியிருந்த ஜாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

“நெசமா தித்திக்குதா?”

“ஆமாங்க.”

“சரி.”

வேறு யாராக இருந்தாலும், உள்ளே போன சரக்கு பேசுகிறது, பொம்பளைக்கு என்ன தெரியும் என்று தள்ளியிருப்பார்கள். உங்கள் நாக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருந்தும் விடிந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், அத்தனை ஜாடிகளையும் ஒன்று விடாமல் உடைத்தீர்கள். தேன் நிறத்துச் சில்லுகளைக் குழி வெட்டிப் புதைத்தோம். எனக்கு அழுகை வந்தது. நீங்கள் அழவில்லை, ஆனால் அன்று சாப்பிடவும் இல்லை.

சரக்கு எடுக்க வண்டியோடு வந்த கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “கண்ணுக்கு அழகா இருந்துதே! அது ஆவாதுன்னு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?”

நான் கதவோரம் நின்றிருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்: “நக்கிப் பாத்தன்.”

அவர் சிரித்த சிரிப்பு ஊரெல்லாம் பரவியது. அன்றிலிருந்து உங்களுக்கு ‘ஜாடிநக்கி’ என்று பெயர். டீக்கடையில் கூப்பிட்டார்கள், வேலை செய்கிற இடத்தில் கூப்பிட்டார்கள், நம் பிள்ளையின் கல்யாணப் பந்தியிலும் ஒருவர் கூப்பிட்டார். சொந்தத் தொழில் நினைப்பை விட்டுவிட்டு, ரிட்டையராகும்வரை அதே வேலைக்குப் போய்வந்தீர்கள். ஒருநாள்கூட, கோபத்தில்கூட, “ஒன்னாலதான்” என்று நீங்கள் சொன்னதில்லை.

உங்கள் பதினாறாம் நாளுக்கு அந்தக் கடைக்காரர் தடி ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். “ஜாடிநக்கி போயிட்டாரே” என்று உண்மையாகவே அழுதார். உறவுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அவரு நக்கலைங்க. சாராயத்தக் குடிச்சுப் பாத்து நான்தான் சொன்னன். சனிக்கெழமைக்கு சனிக்கெழமை குடிச்சன்.”

உங்கள் தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் மட்டும் தடியைக் கீழே வைத்துவிட்டு, “அந்த ஜாடியில ஊறுகா போட்டு எங்க வூட்டுலயும் தின்னுருப்போமேம்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு உங்களுக்குச் சேர வேண்டியது. எனக்கு நாக்கு மட்டும்தான் இருந்தது. அதை நம்ப நீங்கள் இருந்தீர்கள். இப்போதும் நாலு பேர் நடுவே ஒன்று சொல்ல வாயெடுக்கும்போது எனக்குக் குரல் நடுங்குவதில்லை. ‘சரி’ என்று நீங்கள் ஒருமுறை சொன்னது எனக்கு இன்னும் தீரவில்லை.