துபாய்க்காரன் சமையல்

3-3-92, செவ்வாய்
அளவு எழுதிக்கொள்ள சாராள் டீச்சர் கொடுத்த நோட்டு. பின்பக்கத்தில் என் கதையை எழுதுகிறேன். குரோம்பேட்டை சர்ச் ஹாலில் மூன்று மாத சமையல் பயிற்சி. ஜெயிலிலிருந்து வந்தவர்கள் பதினோரு பேர். முடித்தால் வேலைக்குச் சொல்லிவிடுவார்களாம். வேலூரில் ஏழு வருடம் இருந்ததில் நாலு வருடம் சமையற்கட்டில்தான். நானூறு பேருக்குச் சாம்பார் வைத்தவன். இன்று நாலு பேருக்கு வைக்கச் சொன்னார். ஒரே உப்பு. "கையை மடக்கிக்கங்க துளசிங்கம், இங்க ஸ்பூன் இருக்கு" என்றார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

6-3-92
பக்கத்து போர்ஷன் அருள்மேரி அக்கா இன்றைக்கும் பிடித்துக்கொண்டாள். நான் துபாயில் இருப்பதாக என் பெண்சாதி பேபி இத்தனை வருடமும் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.
"அங்க சாப்பாடுல்லாம் எப்டிப்பா?"
"நேரத்துக்கு மணி அடிச்சிடுவாங்க அக்கா."
"வெளிய சுத்திப் பாக்க வுடுவானா?"
"அவ்ளோவா வுடமாட்டான்."
பேபி எழுந்து உள்ளே போய்விட்டாள். சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை.

19-3-92
பரோட்டா. ஏழு கிழிந்தது. எட்டாவது வந்தது.

11-4-92, சனி
காய் வாங்க மேடவாக்கம் போன பஸ் கோவிலம்பாக்கத்தில் நின்றது. வரப்புச் சண்டையில் நான் கட்டையால் அடித்து அப்பாதுரை செத்தது அங்கேதான். அவர் பெண்சாதி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாளாம். தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். நான் சந்தோஷமா இருக்கலாமா? தெரியல. மதியம் ரசம் நன்றாக வந்திருக்கிறது என்று டீச்சர் சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

14-5-92
முப்பதாம் தேதி நாங்களே சமைத்து விருந்து. வீட்டு ஆட்களும் வரலாம். பொத்தேரியில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ் மேனேஜர் ஆள் எடுக்க வருகிறார். வாசலில் பேனர் கட்டுவார்கள் — 'சிறை மீண்டோர் சமையல் பயிற்சி'.
பேபியிடம் சொன்னேன்.
"மார்க்கெட்டுக்கு அக்கா அந்த வழியாத்தான் போவுது. இத்தினி வருஷம் நான் மறைச்சத ஒரு துணில எழுதி மாட்டுவாங்களா?"
"நீ வராட்டி பரவால்ல" என்றேன்.
பொய். வரணும். வந்து ஒரு வாய் சாப்பிடணும். வேற இன்னா கேக்கறேன்?

30-5-92, சனி
அறுபது பேர். முதல் பந்தியில் பேபி இல்லை. சாம்பார் வாளியோடு வாசலைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினேன்.
இரண்டாம் பந்திக்கு வந்தாள். கூடவே அருள்மேரி அக்கா. பேனருக்குக் கீழே நிறுத்தி, பேபியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.
"என்கிட்டயே பொய் சொல்லிகினு இருந்தியாடி? இவன் வர்ற பிளேனு நல்லா எறங்கணும்னு மெழுகுவத்தி ஏத்துனேனே" என்று இலையில் உட்கார்ந்தும் அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் ரசம் ஊற்றினேன். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. குடித்துவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினாள்.
பேபி இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.
மேனேஜர் ராஜகோபாலன் சார் கை கழுவிவிட்டு வந்தார். "இதே ரசம் முந்நூறு பேருக்கு வருமா?"
"வரும் சார்."
"உங்க கேஸ் விவரம் டீச்சர் சொல்லிட்டாங்க. பதினஞ்சாம் தேதி காலேஜ் திறக்குது. வந்துடுங்க."

18-6-92
தாம்பரத்தில் முதல் பஸ் பிடித்தால் சரியாக இருக்கிறது. பையன்கள் பொங்கலில் மிளகைப் பொறுக்கிப் போடுகிறார்கள். கோபம் வருகிறது. வந்தால் பின்கட்டுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறேன்.
அக்கா இன்னும் பேபியோடு பேசவில்லை. தண்ணீர் பிடிக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். பேபிக்குத்தான் கஷ்டம்.

12-7-92, ஞாயிறு
லீவு. காலையில் கதவு தட்டுகிற சத்தம். அருள்மேரி அக்கா.
"நம்ம ஜெயசீலிய அடுத்த ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்க. பதினஞ்சு பேரு. சமைக்கணும்" என்றாள் பேபியிடம். ஜெயசீலி அக்காவின் மகள்.
"அவரு உள்ள கீறாரு. அவரையே கேளு" என்றாள் பேபி.
அக்கா கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். பேபி காபி போட எழுந்தாள்.
மாப்பிள்ளை வீட்டார் காரம் தாங்குவார்களா என்று கேட்டேன்.