அம்மனின் சுண்டுவிரல்

மேடம், கையை இரண்டு நாளாகச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். வாடை போகவில்லை. கல்லைப் பொடித்த மாவில் இரண்டு டியூப் பசையை விட்டுக் குழைத்தால் மூக்கைக் குத்துமே, அந்த வாடை. அதை முகர்ந்ததும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிவிட்டது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இதை உங்களிடம் இன்றைக்கே சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். சொல்லிவிட்டேன் மேடம்! என் தப்பை என் வாயாலேயே சொல்லிவிட்டேன்!

ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

அணு ஆராய்ச்சி ஆபீசில் ரிட்டயர் ஆகி, சிலை செதுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எங்கள் மாமல்லபுரம் பட்டறைக்கு நீங்கள் வந்த முதல் நாள், "இந்த வயசுல இன்னாத்துக்கு மேடம் தூசு துன்ன வந்துகிறீங்க?" என்று கேட்டேன். நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு என்பது அப்புறம்தான் தெரிந்தது. நீங்கள் உளியோடு மல்லுக்கட்டுவீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் உப்புக்காகிதம் போட்டுச் சிலை தேய்ப்பேன்.

பட்டறைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் அந்தக் கிரேக்க தேசத்துச் சங்கதியெல்லாம் சொன்னீர்கள். அங்கேயும் அந்தக் காலத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து மனுஷனின் குணத்தைப் பற்றி யோசித்தார்களாம். நல்ல குணம் பிறக்கும்போதே வருவதில்லை, பேசிப் பேசியும் வருவதில்லை, செய்து செய்து பழகினால்தான் வரும் என்று கண்டுபிடித்தார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. கையிலிருந்த காகிதத்தை உங்கள் மூக்குக்கு நேரே நீட்டினேன். "அதான இது? மொதல்ல முரட்டுக் காகிதம், அப்பால நைசு காகிதம். ஒரே நாள்ல பளபளான்னு வந்துருமா?"

நீங்கள் உளியைப் போட்டுவிட்டுக் கை தட்டினீர்கள். "அவங்க புத்தகம் புத்தகமா எழுதி வச்சத ஒத்தைக் காகிதத்துல முடிச்சிட்டியே, கோமளா!"

நம் நாட்டுச் சாஸ்திரத்தையும் நீங்கள் விடவில்லை. உண்மை பேச வேண்டும், ஆனால் அடுத்த உயிரை நோகடிக்கக் கூடாது, இரண்டையும் சேர்த்தே பழக வேண்டும் என்பீர்கள். செய்கிற வேலையைச் செய், பலனைப் பிடித்துக்கொண்டு தொங்காதே என்பீர்கள். "அப்ப நான் நல்லா தேய்ச்சா, நல்லாக்கீதுன்னு ஒருத்தரும் சொல்ல வாணாமா?" என்று சண்டைக்கு வந்தேன். "சொன்னா சந்தோஷமா கேட்டுக்கோ. சொல்லலைன்னாலும் இதே மாதிரி தேய்." அன்றைக்குச் சாயங்காலம் வரை நான் உங்களோடு பேசவில்லை.

நீங்கள் செய்த முதல் யானைக்குக் காது உடைந்தது நினைவிருக்கிறதா? உடைந்த துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி தும்பிக்கையைச் செதுக்கிக்கொண்டிருந்தீர்கள். "மேடம், இதுக்கு உங்க கிரேக்கக்காரரு இன்னா சொல்றாரு?" என்று கேட்டேன். முகம் சிவந்துபோய் எழுந்து, பட்டறை முதலாளி ஸ்தபதியிடம் நேரே போய்த் துண்டைக் காட்டினீர்கள். திரும்பி வந்ததும் என்னை ஒரு பிடி பிடித்தீர்கள். "ஊரார் தப்ப மைக் வச்சு சொல்றியே, உன் தப்பு ஒண்ணையாவது இதுவரைக்கும் சொல்லியிருக்கியா?"

சொன்னது இல்லை மேடம். ஒன்றுகூடச் சொன்னது இல்லை.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். திருப்போரூருக்கு அந்தாண்டை ஒரு கிராமத்துக் கோயிலுக்கு அம்மன் சிலை. எல்லா வேலையும் முடிந்து கடைசியாகப் பாலீஷ் மட்டும்தான் பாக்கி. கொஞ்சம் அசந்தேன், மெஷின் வழுக்கி அம்மன் கையில் பட்டது. சுண்டுவிரல் நுனி, பொட்டுக்கடலை அளவுதான், தெறித்துவிட்டது. துளி உடைந்து பின்னமான சிலை பூஜைக்கு ஆகாது. ஓட்டல் வாசலில் வைக்கலாம், தோட்டத்தில் வைக்கலாம், கருவறையில் வைக்கக் கூடாது. இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்துதான் செய்தேன். சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. கல்மாவும் பசையும் குழைத்து நுனியைப் பதித்துத் தேய்த்துவிட்டேன். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் சிலையைத் தண்ணீரில் கிடத்துவார்கள். அதற்கும் விடாத பசை அது. ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஞாயிறு முழுக்கச் சொல்லலாமா வேண்டாமா என்று கிடந்தேன். சொன்னால் ஸ்தபதி வெளியே அனுப்பிவிடுவார். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது.

இன்று காலை கிராமத்து ஜனங்கள் மேளத்தோடு மினி லாரியில் வந்து இறங்கினார்கள். சிலையை வைக்கோல் மேல் ஏற்றிக் கயிறு கட்டும்போது ஓர் அம்மா, அந்தக் கையை, அந்த விரலையேதான், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தனை பேர் நடுவில் ஓவென்று கத்திவிடலாமா என்று ஒரு மனசு. முழுங்கிவிட்டு உள்ளே போ என்று இன்னொரு மனசு. தைரியம் என்பது கோழைத்தனத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் நடுவில் இருக்கிறது என்று கிரேக்கர்கள் சொன்னதாகச் சொல்வீர்களே, அந்த நடு எங்கே என்று தேடினேன் மேடம்.

ஸ்தபதியின் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "தம்பி, அம்மனுக்கு சுண்டுவெரலு போச்சு. நாந்தான் ஒடச்சேன். ஒட்டிக்கீறேன்."

"இன்னாக்கா சொல்ற? வண்டில ஏத்தியாச்சே!" என்று ஓடினார். விரலை நகத்தால் நெருடிப் பார்த்தார். "எங்கக்கீது? எனக்கே தெரியலியே!"

"எப்டித் தெரியும்? தேய்ச்சது நானாச்சே" என்று வந்துவிட்டது வாயில். அந்த நேரத்திலும் எனக்கு இந்தப் பெருமை!

விஷயம் தெரிந்ததும் மேளம் நின்றது. ஊர்ப் பெரியவர் ஒருவர் யோசித்து, "பத்திரிகை அடிச்சி வூடு வூடா குட்த்தாச்சு. யாருக்குந் தெரியலன்னா அப்டியே எடுத்துகினு போறமே?" என்றார். ஸ்தபதி என்னையே பார்த்தார். நான் தலையாட்டியிருந்தால் வண்டி கிளம்பியிருக்கும் மேடம்.

"எனக்குத் தெரியுங்களே ஐயா" என்றேன்.

விரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்த அம்மாதான், "எறக்குங்கப்பா" என்றாள். என்னைத் திட்டவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. வேறு கல்லில் செய்து தருகிறேன், அடுத்த முகூர்த்தம் பாருங்கள் என்று ஸ்தபதி எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டார். வெறும் வண்டி போன பிறகு என்னிடம், "வூட்டுக்குப் போக்கா" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கு மட்டும் போகச் சொன்னாரா, ஒரேயடியாகவா, நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது, பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாதிரி பார்த்தாள். அறுபது வயசில் முதல் தடவை, மேடம்! அடுத்த தடவை இவ்வளவு பயம் இருக்காது, இல்லையா?

நாளைக் காலை எப்போதும்போலப் பட்டறைக்குக் கிளம்புவேன். வா என்றால் உள்ளே போய் உட்காருவேன். போ என்றால், அப்படியே பஸ் பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் வேலை தேடுவேன். இரண்டுக்கும் மனசு தயாராகத்தான் இருக்கிறது. இதைக் கேட்டுக் கை தட்டத்தான் ஆள் இல்லை.