இறக்கைக்குள் ஒரு வரி

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஒரகடத்தில் நான் இப்போது வேலை பார்க்கும் ஷெட்டில், தொண்ணூறு வருடத்துக்கு முன் பந்தயத்தில் பறந்த விமானம் ஒன்றைப் பார்த்து, அதே மாதிரி புதிதாக ஒன்று செய்கிறோம்.

திங்கட்கிழமை அந்தப் பழைய விமானத்தின் இறக்கையில், மரச்சட்டங்களை மூடி ஒட்டியிருந்த துணியைப் பிரித்தேன். உள்ளே ஒரு மரச்சட்டத்தில் யாரோ பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: "கால் அங்குலம் குறைத்து அறுத்துவிட்டேன். தவறு என்னுடையது." அளந்து பார்த்தேன். உண்மைதான்.

"இன்னாம்மா இது! இத்தினி வருசமா உள்ளயே கீதே!" என்றார் சூப்பர்வைசர் சுப்பராயலு.

"துணி போட்டு மூடிட்டா யாருக்குமே தெரியாதே சார். அப்புறம் யாருக்காக எழுதினாங்க?"

"சொல்லாம இருக்க முடில போல."

அன்று முழுவதும் எனக்கு அதே யோசனை. புதுச் சட்டத்தைச் சரியான அளவில் அறுத்தேன். உன் கிரகப்பிரவேசத்தில் எல்லோர் முன்னாலும் நான் பேசியதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத வரவில்லை. அந்தப் புதுச் சட்டத்தில் எழுத வந்தது, நான்கு வரி.

இருபதாம் தேதி துணி ஒட்டுகிறோம். அதற்குள் வந்து படித்துவிடு அக்கா.

உன் தங்கை