ஆட்டு வாயில் கிடைத்த பாக்டீரியா

வெள்ளி, இரவு

எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. மன்னித்துக்கொள், நோட்டே.

மண்ணச்சநல்லூர் செல்வி அக்காவின் ஆட்டு வாயிலிருந்து நான் பிரித்தெடுத்த பாக்டீரியா செத்துவிட்டது. புது இனமென்று பெயர் வைக்க, அதை உயிரோடு இரண்டு நாட்டு நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். இரண்டு குழாய்களில் வைத்திருந்தேன்; விடுமுறையில் ஆய்வக ஃப்ரீசர் நின்றுபோயிருக்கிறது.

"ரெண்டு குழாயையும் ஒரே ஃப்ரீசர்லயாம்மா வச்சே?" என்று மட்டும் கேட்டார் பேராசிரியர். திட்டியிருக்கலாம்.

அதே ஆட்டிடம் மறுபடி எடுக்கலாமென்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அதைப் போன வாரமே வித்தாச்சும்மா. அதோட குட்டிதான் இருக்கு. காலையில சந்தைக்குப் போகுது, பல்லு விளக்கி அனுப்பவா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். குட்டியின் வாயில் அது இருக்குமா, தெரியாது. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

அக்கா, நாளைக்கு மட்டும் அதைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீங்க.