பரிவெளியில் எழுந்த பொய்ப்புகை

மங்கலம் பெருகுக! ஏழாற்று நாட்டின் கரைகள் உடையாதிருக்கவும், குடிகளின் களத்தில் நெல் குவியவும், வெண்குடை நிழலில் வீற்றிருந்தருளும் மகாராஜ வில்லவதரைய தேவரின் திருவடிகளுக்கு, வடகரைக் குடியேற்ற அதிகாரி அரையன் பொற்காரி, நிமிர்ந்து பார்க்க முகமில்லாதவனாய் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சென்ற ஆண்டு ஐப்பசி வெள்ளத்தில் நாணற்கரை ஓடக்காரர்களின் நாற்பது வீடுகளும் ஆற்றோடு போயின. தேவரீர் மனமிரங்கி, குதிரைப்படை பழகிவந்த பரிவெளியைக் குடியிருப்பு மனைகளாக மாற்றிச் சாசனம் அளித்தீர்கள். வரும் தை முதல் நாளுக்குள் நாற்பது மனையிலும் அடுப்பெரிய வேண்டும், தவறினால் நிலம் மீண்டும் குதிரைப்படைக்கே சேரும் என்றும் விதித்தீர்கள். நாற்பதிலும் அடுப்பெரிகிறது என்று கார்த்திகையில் ஓலை விடுத்தவன் அடியேனே.

எரியவில்லை, மகாராஜா. கூரை ஏறியவை பதினொன்றுதான்.

மழையின்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம். மழையும் பெய்யத்தான் செய்தது. ஆனால் சித்திரை முதல் புரட்டாசி வரை, வானம் வெளுத்துக் கிடந்த ஆறு மாதமும், கொத்தர் அனைவரையும் வீட்டு வேலையிலிருந்து இழுத்துத் தெருமுனையில் தோரணவாயில் கட்டவைத்தேன். உச்சியில் தங்கள் திருநாமம். கீழே, சின்ன எழுத்தில், என் பெயர். ஓடக்காரன் வீட்டை யார் பார்க்கப் போகிறார், வாயிலைத் தேவர் பார்ப்பார் என்று கணக்குப் போட்ட புத்தியை என்னவென்று சொல்ல! வாயில் முடிந்து வீட்டு வேலைக்குத் திரும்பியபோது ஐப்பசி வந்துவிட்டது, சுவரே காயவில்லை.

அரண்மனை மேற்பார்வையாளர் வந்து, நம் வழக்கப்படி அந்திப்பொழுதில் குன்றின்மேல் நின்று அடுப்புப் புகையை எண்ணினார். நாற்பது எண்ணினார். பதினொரு வீட்டில் சோறு வெந்தது உண்மை. மற்ற இருபத்தொன்பதில், கூரையில்லாச் சுவர்களுக்குள் ஆளை நிறுத்தி ஈர வைக்கோலைக் கொளுத்தவைத்தேன்.

அந்தப் புகைக்குப் பரிசாகத் தாங்கள் அனுப்பிய பல்லக்கிலும் வெட்கமில்லாமல் ஏறினேன். மிச்சக் குடிகள் இரண்டாம் மழைக்காலமாய் ஒண்டிக்கிடக்கும் பழைய குதிரைலாயத்தைக் கடக்கும்போது, பூதி என்னும் ஓடக்காரி பல்லக்கின் கொம்பைப் பிடித்து நிறுத்தினாள். “எங்க வீட்டுல புகை குடியேறிடுச்சு சாமி. நாங்க எப்ப குடியேறுறது?” என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அங்கேயே இறங்கினேன், பிறகு ஏறவில்லை.

ஆகையால், சித்திரை முதல் நாள் வரை தவணை தந்தருள வேண்டுகிறேன். பல்லக்கைத் திருப்பியனுப்பியிருக்கிறேன். தோரணவாயிலைப் பிரித்து, கல்லையும் மரத்தையும் வீடுகளுக்கு எடுத்துக்கொண்டேன். கேளாமல் செய்த அதற்கும் சேர்த்துத் தண்டிக்கலாம். திருநாமக் கல்லை உடையாமல் இறக்கி வைத்திருக்கிறேன். என் பெயரை நானே உளி பிடித்துச் செதுக்கி எடுத்தேன். கடைசி வீட்டுக்குக் கூரை ஏறும்வரை என் குடும்பமும் அந்த லாயத்தில்தான் படுக்கும். பதவியைப் பறித்தாலும், சிறையிலிட்டாலும் ஏற்பேன். என் பொய்க்காக அவர்கள் மனையைப் பறித்துவிட வேண்டாம், தாயே தகப்பனே என்று காலில் விழுகிறேன். அவர்கள் செய்த குற்றம் என்னை நம்பியது ஒன்றுதான்.

இம்முறை எண்ண வருபவர் குன்றில் நிற்காமல் தெருவில் இறங்கி, வீடுவீடாய்ப் பானையைத் திறந்து பார்க்கக் கட்டளையிட்டருளுக.

மார்கழி இருபதாம் நாள், பரிவெளியிலிருந்து எழுதி, குடிகளுக்குப் படித்துக்காட்டி, முத்திரையிட்டேன். இதைக் கொண்டுவருபவள் பூதி. தேவரீர் முத்திரையைப் பார்த்து நம்ப வேண்டாம், பொய்யோலையிலும் இதே முத்திரைதான் இருந்தது. அவளைக் கேட்டருளுக.